திருவாய் மலராத காலை

ஜனவரி 8

அகில உலகக் குற்றம் காணும் சபையின் நிரந்தரத் தலைவியும், என் அக்காள் பெற்ற ஒரே பொக்கிஷமுமான மருமகள் பூதக்கண்ணாடிக்கு, மூன்றாம் மாடிச் சக்கரவர்த்தியாகிய மாமன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீயும் அக்காவும் நலமா? அக்காவின் முழங்காலைத் தனியாக விசாரித்தேன் என்று சொல். இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு இன்னும் வீங்கும்.

வேலை கிடைத்துவிட்டது! ஐம்பத்தெட்டு வயதில்! அலுவலகத்தில் இருக்கும் எல்லோருடைய வயதையும் கூட்டினாலும் என் வயதுக்கு வராது. என்னைப் பார்த்ததும் வாசலில் இருந்த பெண், "யாரோட அப்பா சார் நீங்க?" என்று கேட்டாள். "இந்தக் கம்பெனியோட எதிர்காலத்துக்கே நான்தாம்மா அப்பா" என்றேன். பாவம், தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

தனியாக வசிப்பவர்களுக்காக ஒரு செயலி தயாராகிறது. காலையில் போன் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கும். பதில் சொல்லிவிட்டால் சரி. மதியம்வரை பதில் இல்லையென்றால் சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் போகும். அவர் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும், அல்லது அக்கம்பக்கத்தில் யாரையாவது அனுப்ப வேண்டும். அந்தச் செயலியின் முகம் முழுக்க என் கைவண்ணம். எழுத்து, நிறம், ஒலி, பொத்தானின் வளைவு எல்லாம். ஒரே ஒரு பொத்தானின் மூலையை வளைக்கவே ஒரு வாரம் ஆயிற்று. மலையைச் செதுக்கியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

சின்ன முதலாளிக்கு அவசரம். "சார், 'நலமா?'ன்னு கேட்டு ஒரு பொத்தான் வைங்க, முடிஞ்சது" என்றார்.

"தம்பி, 'நலமா'ன்னு கேட்டா எவன் உண்மையைச் சொல்லுவான்? கேள்வி நல்லா இருந்தாத்தான் வாய் திறப்பான்."

ஆகவே தினம் ஒரு புதுக் கேள்வி எழுதுகிறேன். 'இன்று உங்கள் ஜன்னலுக்கு முதலில் வந்தது யார், காகமா, வெயிலா, பக்கத்து வீட்டு வானொலியா?' 'தலையணை நேற்று உங்களைப் பற்றி என்ன புகார் சொன்னது?' இப்படி. சோதித்துப் பார்க்க நான்கு கற்பனை மனிதர்களைப் படைத்து, அவர்களுடைய பதில்களையும் நானே எழுதுகிறேன். கடவுளுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று முன்பு தெரியாது.

உன் எண்ணை என் 'தொடர்பு ஆள்' என்று பதிந்திருக்கிறேன். அவ்வப்போது வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பேன். உனக்குத் தகவல் வரும். பயப்படாதே, குற்றம் கண்டுபிடி. செயலியைச் சோதிப்பதற்கு உன் கம்பெனி சம்பளம் தருகிறது. நான் ஆசீர்வாதம் தருகிறேன்.

போனில் அழைக்காதே. நாளெல்லாம் போனுக்கு முகம் வரைகிறவன், வீட்டுக்கு வந்தும் அதன் முகத்தில் விழிக்க முடியாது. நம் பழைய ஒப்பந்தப்படி சம்பளத்துக்குத் திரை, சொந்தத்துக்குத் தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மாமன்


ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமா? சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறதா? முழங்கால் உங்கள் விசாரிப்பைக் கேட்டுச் சிரித்தது, மாடிப்படியைப் பார்த்ததும் அழுதது.

இரண்டு தகவல்கள் வந்தன. திரை முழுக்க ஒரு பூனை தூங்குகிறது. புல்லாங்குழல் ஒலிக்கிறது. கீழே, 'தங்கள் அன்புக்குரியவர் இன்று இன்னும் திருவாய் மலரவில்லை. தென்றலைப்போல ஒருமுறை எட்டிப் பார்ப்பீர்களாக!' என்று எழுதியிருக்கிறது. பேருந்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அம்மாவிடம் காட்டினேன். "என்னடி இது, கச்சேரிக்கு அழைப்பு அனுப்பறானா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் அங்க தனியா விழுந்து கிடந்தா யாருடி போய்ப் பார்ப்பாங்க? இந்தப் பூனையா?" என்று கேட்டாள். உங்கள் கீழ்வீட்டுக்காரர் எண்ணை எனக்கு அனுப்பி வையுங்கள்.

செயலியில் உங்கள் கற்பனை மனிதர்களின் பதில்களையும் படித்தேன். அவர்களில் கப்பல் கேப்டன் அளவுக்கு மீறி அளக்கிறார், அது நீங்கள்தான். ஆனால் நான்காவது பெண்மணி? 'கேள்வி கேட்டது போதும், காப்பி ஆறுது, வந்து குடிங்க' என்று எழுதுகிறாரே. அப்படியே அத்தை பேசுவது மாதிரி இருக்கிறது, மாமா. அத்தை போய் மூன்று வருஷம் ஆனது போலவே இல்லை.

எனக்கு விடுமுறை சேர்ந்து கிடக்கிறது. வந்து ஒரு வாரம் இருக்கட்டுமா?

அன்புடன்,
பூதக்கண்ணாடி


பிப்ரவரி 20

சிரிப்பினால் பேருந்துகளைக் காலி செய்யும் மருமகளுக்கு ஆசிகள். இங்கு சகல சௌபாக்கியங்களும் நலம். அங்கு அனைவரும் நலம்தானே?

மாபெரும் யுத்தம் ஒன்று நடந்து முடிந்தது. ஒரு பக்கம் சின்ன முதலாளியும் அவருடைய படையும். மறுபக்கம் நானும் பூனையும்.

"சார், அபாயம்னா சிவப்புதான் சார். சைரன் அலறணும்."

"தம்பி, ஊர்ல இருக்கற பொண்ணுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துல சைரன் அடிச்சா, அந்தப் பொண்ணு மயங்கி விழும். அப்புறம் அதைப் பார்க்க ஒரு செயலி செய்யணும். முக்கால்வாசி நாள் அப்பா தூங்கிட்டுத்தானே இருப்பாரு?"

அரை நாள் வாதம். என் பேச்சில் சுவர் உருகி வழிந்தது, ஜன்னல் கண்ணாடிகள் கைதட்டின. கடைசியில் சமாதான உடன்படிக்கை. பூனையும் புல்லாங்குழலும் எனக்கு. காலைக் கேள்விக்கு அடியில் சோம்பேறிகளுக்காக 'நலம்' என்று ஒரே தொடுதலில் முடியும் பொத்தான் அவருக்கு. அழகு ஜெயித்தது! காலையில் கேள்வி கேட்கும்போதும் அதே குழல்தான் ஒலிக்கும். அந்த மெட்டு நானே போட்டது. கேட்டால் கல்லும் தூங்கிவிடும்.

கீழ்வீட்டுக்காரர் எண் பின்பக்கத்தில். மகா சண்டைக்காரர். நான் தும்மினாலும் கூரை இடிகிறது என்று புகார் சொல்வார். தேவையில்லாமல் எழுப்பிவிடாதே.

நீ வருவது பற்றி. அரண்மனையில் வெள்ளையடிப்பு நடக்கிறது. எங்கு பார்த்தாலும் சாரம். ராஜ விருந்தினரை எங்கே தங்கவைப்பது? வெயில்காலம் முடியட்டும், பார்க்கலாம். இரண்டாவது நாற்காலியில் உட்கார ஆளில்லை என்று சட்டையை மாட்டி வைத்திருக்கிறேன். பேச்சுத்துணைக்கு மோசமில்லை. குறுக்கே பேசாது.

நான்காவது ஆளை நீக்கிவிட்டேன். சோதனைக்கு மூன்று பேர் போதும்.

அக்காவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.
மாமன்


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? வெள்ளையடிப்பு முடிந்ததா? நாங்கள் நலம். முழங்காலுக்கு ஒத்தடம் பிடித்துப்போய்விட்டது, இப்போது தினமும் கேட்கிறது.

நேற்று முன்தினம் உங்கள் சோதனைத் தகவல் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழல் சத்தம் கேட்டதும் அம்மாவே, "இதோ வந்துட்டான் உன் மாமா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்போடு சிரிப்பாக ஒரு குற்றமும் கண்டுபிடித்துவிட்டேன். அகலம் குறைந்த போனில் பூனையின் வால் ஓரத்தில் வெட்டுப்படுகிறது. செயலியிலேயே குறிப்பு எழுதி அனுப்பினேன். வந்ததா?

அம்மாவுக்கு உங்கள் மெட்டு மனப்பாடம். பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிறாள். கேட்டால் இல்லை என்கிறாள்.

பதில் போடுங்கள்.
பூதக்கண்ணாடி


ஏப்ரல் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலம் என்று தினமும் காலையில் உங்கள் 'நலம்' பொத்தான் வழியாகத் தெரிந்துகொள்கிறேன். உங்கள் கேள்விக்கு நீங்களே இப்போதெல்லாம் ஏன் பதில் எழுதுவதில்லை? கேப்டனும் சில வாரங்களாக வாயைத் திறக்கவில்லை.

கடிதமும் இல்லை. அம்மா தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வேலை அதிகமா?

பூதக்கண்ணாடி


ஏப்ரல் 21

பேரன்புக்குரிய பூதக்கண்ணாடிக்கு,

நலம். நலம். மூன்றாவது முறையும் நலம். அக்காவுக்கும் அவ்வாறே எழுதியதாகச் சொல்லவும்.

கையெழுத்தைப் பார்த்துக் கோழி எழுதியது என்று நினைக்காதே. இது விஞ்ஞானம்! வயதானவர்களின் விரல் பொத்தான்வரை எப்படிப் போகிறது என்று ஆராய்வதற்காகச் சில வாரங்களாக எல்லா வேலைகளையும் இடது கையால் செய்கிறேன். பல் தேய்க்கப் போனால் காது சுத்தமாகிறது. உலகத்திலேயே இந்த ஆராய்ச்சியைச் செய்யும் முதல் மனிதன் நான்தான், கடைசி மனிதனும் நானாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் கடிதம் தாமதம்.

வெளியீடு தள்ளிப்போயிருக்கிறது. மற்றபடி விசேஷம் இல்லை. அறையில் வெயில் நன்றாக வருகிறது.

மாமன்


ஏப்ரல் 30

மாமாவுக்கு,

நலமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். பூனையின் வால் வெட்டுப்படுகிறது என்று நான் எழுதினால், நீங்கள் நாலு பக்கம் சண்டை போட்டிருக்க வேண்டும். அது வெட்டல்ல, கலை நுட்பம், உன் போன்தான் குறுகல், உன் மனசும் குறுகல் என்று என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்க வேண்டும். வாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செயலியின் பதிவைத் திறந்து பார்த்தேன். மற்ற சோதனை நாட்களில் சாயங்காலத்துக்குள் நீங்களே பதில் சொல்லி முடித்துவிடுவீர்கள். மார்ச் பதினேழாம் தேதி சொல்லவில்லை. மறுநாள் காலைவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் 'நலம்' பொத்தான். இடது கைக்கும் எளிதான பொத்தான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது, மாமா? அளக்காமல் சொல்லுங்கள்.

பூதக்கண்ணாடி


மே 11

என் அருமை மருமகளுக்கு,

இப்போது நலம். கட்டு பிரித்துவிட்டார்கள். இது வலது கை எழுத்துதான். கொஞ்சம் கோணல், சரியாகிவிடும்.

அளக்காமல் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள். அன்று காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு போயிற்று. இடுப்பிலும் பலமான அடி, எழுந்திருக்க முடியவில்லை. போன் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கேள்வி கேட்டது. குழல் வாசித்தது. நான் பதில் சொல்லாததால் விட்டு விட்டு மறுபடி மறுபடி வாசித்தது.

அந்த மெட்டு எவ்வளவு இனிமை என்று அன்றுதான் முழுசாகக் கேட்டேன். அதைக் கேட்டு ஒருவரும் எழுந்து ஓட மாட்டார்கள். அவ்வளவு இனிமை.

மதியம் ஆனதும் உனக்குத் தகவல் போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன். வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு ஏறியது. பூதக்கண்ணாடி சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கோபத்தோடு நினைக்கவில்லை. சிரிக்கத்தானே வரைந்தேன்?

குழாயைத் திறந்துவிட்டிருந்தேன். வாளி நிறைந்து, தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் கூரையில் இறங்கியிருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். "யோவ், மேல என்ன கடலா வச்சிருக்க?" என்று கத்தினார். நான் உள்ளேயிருந்து ஏதோ முனகியிருக்கிறேன். மாற்றுச் சாவியோடு வந்து திறந்தார். சண்டை போட வந்த மனிதர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

யோசித்துப் பார். ஒரு சொட்டுத் தண்ணீர் பூனை வரையவில்லை, கவிதை சொல்லவில்லை. சொட்டியது. ஆள் வந்தார்.

ஆஸ்பத்திரியில் போனைத் திறந்தால் உன் குறிப்பு. வால் வெட்டுப்படுகிறது என்று. சிரித்தேன். நர்ஸம்மா, "வலிக்கலையா?" என்றார். குற்றம் நியாயமானதுதான், வால் வெட்டுப்பட்டுத்தான் இருந்தது.

சின்ன முதலாளியிடம் சொல்லிவிடப் போகிறேன். சிவப்பும் சைரனும் வைத்துக்கொள்ளட்டும். காலைக் கேள்விகளையும் எடுத்துவிட்டு அந்த 'நலம்' பொத்தானை மட்டும் விடட்டும். இந்த வயதில் எனக்கு எதற்கு அலங்காரம்?

அக்காவிடம் பக்குவமாகச் சொல். நான் விழுந்ததைச் சொல். எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாதே.

மாமன்


மே 19

அன்புள்ள மாமாவுக்கு,

இடுப்பு எப்படி இருக்கிறது? குளியலறையில் செருப்புப் போட்டுக்கொள்கிறீர்களா? கைக்கு எண்ணெய் தடவுகிறீர்களா?

கீழ்வீட்டுக்காரரிடம் போனில் பேசினேன். அரைமணி நேரம் உங்களைத் திட்டினார். பிறகு, "நைட்டு சாப்பாடு நம்ம வீட்லதான்மா, வேணாம்னு சொன்னாலும் கொண்டு போய் வச்சிடறேன்" என்றார். அதை நீங்கள் எழுதவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேரத்தையும் சொன்னேன். பாத்திரம் கழுவப் போனாள். இப்போது முணுமுணுப்பதில்லை.

நான் சிரித்தேன், மாமா. எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்திலேயே நிற்கிறேன். தட்டில் சாதம், கையில் போன், நான் சிரிக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் எண் மேசை இழுப்பறையில் இருந்தது.

ஆனால் கேள்விகளை எடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். இது சமாதானத்துக்குச் சொல்வதல்ல, தொழில்முறைக் குறிப்பு. நீங்கள் 'நலம்' பொத்தானை அழுத்தியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேள்விக்குப் பதில் நின்றுபோனபோதுதான் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. கேப்டன் அளப்பதை நிறுத்தியதால்தான் சந்தேகம் வந்தது. காலையில் பேச வைக்கிற இடத்தில் உங்கள் விளையாட்டு எல்லாம் இருக்கட்டும். மதியம் ஆளை எழுப்புகிற இடத்தில் நீங்கள் தெரியவே கூடாது. அங்கே பூனையும் வேண்டாம், சைரனும் வேண்டாம். உங்களால் முடியும். சின்ன முதலாளியால் முடியாது.

நான் வரட்டுமா? அம்மாவும் கேட்கச் சொன்னாள்.

பூதக்கண்ணாடி


ஜூன் 8

தொழில்முறைக் குறிப்பு எழுதி மாமனைச் சின்ன முதலாளியிடம் சரணடையவிடாமல் தடுத்த மருமகளுக்கு,

நலம். எண்ணெய் தடவுகிறேன். செருப்பும் உண்டு. இன்றைக்குக் கதவைத் திறந்து மூடக்கூட வலது கைதான்.

மூன்று வாரமாக ஒரே வேலை. சைரன் வைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் எல்லோரையும் கவனித்தேன். அலறினால் மனிதன் முதலில் அதை அடக்குகிறான். அடக்கிய கை அப்படியே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. சிவப்பு வைத்தேன். போன் முழுக்க ஏற்கெனவே சிவப்புப் புள்ளிகள், கடையில் தள்ளுபடி என்றாலும் சிவப்பு. நூறு வாக்கியம் எழுதினேன், சரி, நூறு இல்லை, நிறைய. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மூலையில் நான் நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் துரத்தத்தான் இத்தனை நாள். நான் லேசில் போகிற ஆளா?

இப்போது வெள்ளைத் திரை. கறுப்பு எழுத்து. மூடும் பொத்தான் கிடையாது. ஒலி இல்லை, கைக்குள் போன் நடுங்கும், அவ்வளவுதான். எழுதியிருப்பது இது:

'பதில் வரவில்லை. போய்ப் பாருங்கள்.'

சின்ன முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா சார் மூணு வாரம்? இதை என் தங்கச்சி பையன் எழுதுவான்."

"எழுதச் சொல்லு தம்பி, பார்க்கலாம்" என்றேன்.

காலைக் கேள்விகள் இருக்கின்றன. 'நலம்' பொத்தானைத்தான் எடுத்துவிட்டார்கள், உன் குறிப்பைக் காட்டியதும். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே நல்ல காரியம் அந்த இரண்டு வாக்கியம். அதில் என் கை இருப்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசிச் சோதனை பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று நான் வேண்டுமென்றே பதில் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கிறேன், பதற வேண்டாம். நான் நாற்காலியில் சௌக்கியமாக உட்கார்ந்திருப்பேன். தகவல் வந்ததும் குறிப்பு எழுதி அனுப்பு.

நீ வருவது பற்றி, சாவகாசமாக யோசிப்போம். உனக்கும் வேலை, அக்காவுக்கும் முழங்கால். நான் இங்கே கூட்டத்துக்கு நடுவில் இருக்கிறேன்.

மாமன்


ஜூன் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். எழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும், ரயில் ஆடுகிறது.

சோதனை முடிவு இதோ. அலுவலகத்தில் இருந்தேன். உங்கள் கடிதம் பைக்குள் இருந்தது. இன்றைக்குத் தகவல் வரும் என்று தெரியும், அது சோதனை என்றும் தெரியும். நீங்கள் நாற்காலியில் சௌக்கியமாக உட்கார்ந்திருப்பீர்கள் என்று உங்கள் கைப்பட எழுதியிருந்தீர்கள். குறிப்பு எழுதத் தாளெல்லாம் எடுத்து வைத்துத் தயாராகத்தான் இருந்தேன்.

போன் நடுங்கியது. படித்தேன்.

படித்து முடித்தபோது எழுந்து நின்றுகொண்டிருந்தேன். நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது. பக்கத்து மேசைக்காரி, "என்ன ஆச்சு, யாருக்கு என்ன?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, டெஸ்ட்" என்று சொல்லிக்கொண்டே பையை மாட்டிக்கொண்டிருந்தேன். படியிறங்கும்போது கீழ்வீட்டுக்காரரை அழைத்தேன். "மேலதாம்மா இருக்காரு, ஜன்னல் பக்கமா உட்கார்ந்து வெளியே பார்த்துட்டிருக்காரு" என்றார். அதைக் கேட்ட பிறகாவது திரும்பியிருக்கலாம். கால் திரும்பவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "சோதனைன்னு தெரிஞ்சுமா கிளம்பின?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, போ" என்றாள். பிறகு, "இருடி, நானும் வரேன்" என்றாள். எதிர் இருக்கையில் முழங்காலை நீட்டிக்கொண்டு தூங்குகிறாள். வெள்ளையடிப்பு, சாரம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஆகவே குற்றம் ஒன்றும் இல்லை, மாமா. வெளியிடலாம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. உங்கள் கையில் நானே கொடுப்பேன். படித்துவிட்டுப் பதில் எழுத உட்காராதீர்கள். எதிரில்தான் நிற்பேன்.

உங்கள் மருமகள்